மாதுளையடிப் பள்ளி

விடுதி உணவுக் கூடத்தில் ஞாயிற்றுக்கிழமை காலை இட்டிலிக்குக் காத்திருக்கும் அரை மணி நேரம் இருக்கிறதே, அதுதான் நம் தமிழ் மாணவர்களின் பாராளுமன்றம். தமிழ்நாட்டு அரசியல் முதல் சாம்பாரில் பருப்பு இல்லாத கொடுமை வரை அங்கே விவாதிக்கப்படாத பொருள் கிடையாது. 2025ஆம் ஆண்டு அக்டோபர் 12ஆம் தேதி அந்தப் பாராளுமன்றத்தில் என்னிடம் ஒரு கேள்வி கேட்கப்பட்டது. ஆப்கானிஸ்தானத்துத் தாலிபான் அரசின் வெளிநாட்டு அமைச்சர் அமீர்கான் முத்தகி அதற்கு முதல் நாள் தேவ்பந்த் மதரசாவுக்குச் சென்றிருந்தார். கூட்டம் நெருக்கியடித்த படம் பத்திரிகையில் வந்திருந்தது. என் அறைத் தோழர் அந்தப் பத்திரிகையை என் தட்டுக்கருகே வைத்து, “உங்கள் ஆட்கள் ஊர் கூடி வரவேற்றிருக்கிறார்களே!” என்றார்.

அவர் நல்லவர். எனக்குக் காய்ச்சல் கண்டபோது இரண்டு இரவு கண் விழித்தவர். புண்படுத்த வேண்டும் என்று அவர் அதைச் சொல்லவில்லை. ஆனாலும் ‘உங்கள் ஆட்கள்’ என்ற சொல் தொண்டையில் முள்ளாக நின்றது. அமைச்சர் அக்டோபர் 10ஆம் தேதி டில்லியில் நடத்திய பத்திரிகையாளர் கூட்டத்தில் பெண் நிருபர் ஒருவர்கூட இல்லை. கண்டனம் எழுந்தபின் இரண்டு நாள் கழித்துப் பெண்களையும் அழைத்து இன்னொரு கூட்டம் நடத்தினார். இவர்கள் என் ஆட்களா? இல்லை என்று உரக்கச் சொல்லியிருக்கலாம். நான் சொல்லவில்லை. தேவ்பந்தைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது என்பதே காரணம்.

ஒன்றும் தெரியாது என்றால் அது முழு உண்மை ஆகாது. எங்கள் ஊர் கடற்கரை ஊர். நாங்கள் ஷாஃபி மத்ஹபைச் சேர்ந்தவர்கள், தேவ்பந்த்துக்காரர்கள் ஹனஃபிகள். தொழுகையில் கைகட்டும் இடம் முதற்கொண்டு எங்களுக்கும் அவர்களுக்கும் வேற்றுமை உண்டு. இருந்தும் ஆண்டுதோறும் ரமலான் மாதத்தில் வடநாட்டிலிருந்து தாடி வைத்த ஒருவர் தோல்பையும் ரசீதுப் புத்தகமுமாக எங்கள் தெருவுக்கு வருவார். அவருக்குத் தமிழ் தெரியாது; எங்கள் பாட்டனாருக்கு உருது தெரியாது. இருவரும் திண்ணையில் அமர்ந்து புன்னகை செய்துகொள்வார்கள். பாட்டனார் ஐந்து ரூபாய் கொடுப்பார். பிற்காலத்தில் பதினொரு ரூபாய். அதற்கு ஒரு ரசீது கிடைக்கும். அந்த ரசீதுகளை நிலப் பத்திரங்களோடு சேர்த்துத் தகரப் பெட்டியில் வைத்திருந்தார். எனக்குத் தெரிந்த தேவ்பந்த் அந்தத் தகரப் பெட்டிதான்.

ஆகவே படித்தேன். பல்கலைக் கழக நூலகத்தில் கிடைத்ததையெல்லாம் படித்தேன். படித்தபின் ஒரு கருத்து உண்டாயிற்று. அதை நம் பத்திரிகையில் எழுதுவது, அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு நான் காலந்தாழ்ந்து கொடுக்கும் விடை என்று நண்பர்கள் கொள்ளலாம்.

டில்லியில் படிக்கும் நாம் செங்கோட்டையையும் ஜும்மா மசூதியையும் உறவினர் வரும்போதெல்லாம் சுற்றிக் காட்டுகிறோம். 1857க்குப் பிறகு இந்த ஊர் எப்படிக் கிடந்தது என்று எண்ணிப் பார்ப்பதில்லை. அந்த ஆண்டு செப்டம்பரில் ஆங்கிலேயர் நகரத்தைத் திரும்பப் பிடித்தபோது மக்களை மதிலுக்கு வெளியே துரத்தினார்கள். இந்துக்கள் முதலில் திரும்பி வர அனுமதிக்கப்பட்டார்கள். முஸ்லிம்கள் அதற்கும் நெடுநாள் கழித்துத்தான். ஜும்மா மசூதி 1862 வரை தொழுகைக்குத் திரும்பக் கொடுக்கப்படவில்லை. சாந்தினி சவுக்கின் மேற்குக் கோடியிலுள்ள பதேபுரி மசூதியை ஒரு வியாபாரிக்கு விற்றுவிட்டார்கள். அரசு போயிற்று, அரண்மனை போயிற்று. அவற்றோடு ஆலிம்களுக்குச் சோறு போட்ட மானியங்களும் போயின. முகலாயர் காலத்து மார்க்கக் கல்வி பெரும்பாலும் அரசரும் பிரபுக்களும் விட்ட மானியத்தில் வாழ்ந்தது. கொடுத்த கை முறிந்ததும் கல்வியும் விழுந்தது.

இந்த இடிபாட்டிலிருந்துதான் தேவ்பந்த் எழுந்தது. அதைத் தோற்றுவித்தவர்களில் முக்கியமானவர்கள் மௌலானா முகம்மது காசிம் நானோத்தவியும் மௌலானா ரஷீத் அகமது கங்கோகியும். இருவரும் பழைய டில்லிக் கல்லூரியின் அரபு ஆசிரியரான மம்லூக் அலியிடம் பாடம் கேட்டவர்கள். பதினெட்டாம் நூற்றாண்டில் திருக்குர்ஆனைப் பாரசீகத்தில் பெயர்த்த ஷா வலியுல்லாவின் மரபில் வந்தவர்கள் என்று தங்களைச் சொல்லிக்கொண்டவர்கள். 1857இல் ஷாம்லி என்ற ஊரில் இவர்கள் ஆங்கிலேயரை எதிர்த்து வாளெடுத்தார்கள் என்பது தேவ்பந்த் மரபு. சரித்திர ஆசிரியர் சிலர் இதை ஐயுறுகிறார்கள். வாளெடுத்தார்களோ இல்லையோ, ஒன்பது ஆண்டு கழித்து அவர்கள் கையிலெடுத்தது வாளன்று, பாடப் புத்தகம்.

1866ஆம் ஆண்டு மே மாதம் தேவ்பந்த் ஊரில் சத்தா மசூதி என்னும் சிறு பள்ளிவாசலில், ஒரு மாதுளை மரத்தடியில் வகுப்பு தொடங்கியது. ஆசிரியர் ஒருவர்; அவர் பெயர் முல்லா மகமூது. முதல் மாணவர் பெயரும் மகமூது, மகமூது ஹசன். மேசையும் இல்லை, நாற்காலியும் இல்லை. அந்த ஊர் ஹாஜி ஆபித் ஹுசைன் தொடக்க வசூலுக்கு முன்னின்றார். மாணவர்களுக்கு ஊரார் வீட்டில் சாப்பாடு. அதே ஆண்டில் பக்கத்துச் சகாரன்பூரிலும் இதே முறையில் ஒரு மதரசா ஏற்பட்டது.

மரத்தடிப் பள்ளி நம் நாட்டுக்குப் புதிதா? திண்ணைப் பள்ளிக்கூடம் கண்டவர்கள் நாம். ஆனால் தேவ்பந்தில் புதியது ஒன்று இருந்தது. பழைய மதரசா என்பது ஓர் ஆசிரியரின் வீடு. மாணவன் ஓர் ஆசிரியரிடம் ஒரு நூலைக் கேட்பான். முடிந்ததும் கையெழுத்து வாங்கிக்கொண்டு வேறு ஆசிரியரைத் தேடிப் போவான். தேவ்பந்தில் வகுப்பு உண்டு, ஆண்டுத் திட்டம் உண்டு, எழுத்துத் தேர்வு உண்டு, பட்டமளிப்பு உண்டு, சம்பளம் பெறும் ஆசிரியர்கள் உண்டு, ஆண்டறிக்கை அச்சிட்டு வெளியிடுவதும் உண்டு. இந்த அமைப்பு யாருடையது? ஆங்கிலேயருடையது! யாருடைய ஆட்சியை வெறுத்தார்களோ அவர்களுடைய கல்லூரியைப் பார்த்தே தங்கள் கல்லூரியை அமைத்தார்கள். தபாலும் ரயிலும் அச்சு யந்திரமும் மணியார்டரும் அவர்களுக்கு விலக்கப்பட்டவை அல்ல. 1880இல் மணியார்டர் முறை வந்தபின் எங்கோ உள்ள ஏழை எட்டணா அனுப்புவது எளிதாயிற்று. தேவ்பந்த்தைப் பழமையின் கோட்டை என்று கூறுவோர் இதை மறந்துவிடுகிறார்கள். அது கற்பித்த நூல்கள் பழையவை. அதன் நிர்வாகம் அந்நாளில் மிகப் புதிது.

இப்பொழுது என் கட்டுரையின் உயிர்நாடிக்கு வருகிறேன். நானோத்தவி அந்தப் பள்ளிக்கு எட்டு விதிகள் எழுதி வைத்தார். மாணவருக்கு உணவளித்தல், ஆலோசனைச் சபையில் தன் கருத்தையே பிடித்துத் தொங்காதிருத்தல், ஆசிரியர்களிடையே ஒற்றுமை என்று பல உள்ளன. அவற்றுள் சில விதிகள் பணத்தைப் பற்றியவை. அவற்றைப் படித்தபோது நான் திடுக்கிட்டேன் என்றே சொல்ல வேண்டும். பள்ளிக்கு நிலையான வருமானம் எதுவும் இல்லாதவரை அது நன்றாக நடக்கும் என்கிறார். நிலம், தொழிற்சாலை, வாணிகம், பெருஞ்செல்வர் ஒருவரின் வாக்குறுதி ஆகிய இவற்றில் ஒன்று கிடைத்துவிட்டால் இறைவன்பால் உள்ள அச்சமும் நம்பிக்கையும் போய்விடும். உள்ளே சண்டை வந்துவிடும் என்கிறார். அரசாங்கத்தின் பங்கும் பணக்காரரின் பங்கும் மிகுந்த தீங்கு தரும் என்கிறார். பெயர் வேண்டாதவர் கொடுக்கும் காசே பரக்கத்து உடையது என்கிறார்.

நண்பர்களே, எந்த நிறுவனமாவது ‘எனக்கு நிலையான வருமானம் வேண்டாம்’ என்று விதி எழுதி வைத்ததைக் கேட்டிருக்கிறீர்களா? நம் சங்கத்தின் பொங்கல் விழாவுக்கு நிதி திரட்டப் புறப்படும்போது முதலில் யாரை நினைக்கிறோம்? ஐம்பது ரூபாய் தரும் ஐம்பது பேரையா? ஒரே காசோலையில் முடித்துவிடும் ஒருவரையா? அந்த ஒருவர் பெயர் மேடைத் துணியில் எவ்வளவு பெரிய எழுத்தில் வந்தது என்பதை நினைவிருப்போர் நினைத்துக்கொள்க. இதை நான் குறையாகச் சொல்லவில்லை. நானும் அந்த நிதிக் குழுவில் இருந்தவன்தான்.

நானோத்தவி ஒன்றைக் கண்டுகொண்டார். அரசன் கொடுத்த மானியத்தில் வாழ்ந்த கல்வி அரசனோடு செத்தது. இனி வரும் அரசன் அந்நியன். அவன் கொடுத்தால் அவன் பாட்டையே பாட வேண்டியிருக்கும். ஆகவே எந்த அரசனும் இல்லாமல், ஆட்சி யாருடையதாக இருந்தாலும் உயிர் வாழக்கூடிய ஒரு மார்க்கக் கல்வி வேண்டும். பாமரன் கொடுக்கும் அரையணாவே அதற்கு வேர். உலகத்தில் அந்நாளில் எழுந்த மறுமலர்ச்சி இயக்கங்கள் பல, ஆட்சியைப் பிடித்துத்தான் மதத்தைக் காக்க முடியும் என்று எண்ணின. தேவ்பந்த்தோ, ஆட்சி இல்லாமலே காக்கலாம் என்று கண்டது. ஒவ்வொரு முஸ்லிமும் தன் ஒழுக்கத்தைத் தானே திருத்திக்கொள்வது; திருத்திக்கொள்ள அறிவு பெறுவது; ஐயம் வந்தால் ஒரு கார்டு எழுதிக் கேட்பது. மார்க்கத் தீர்ப்புக் கேட்டு வரும் கடிதங்களுக்குப் பதில் எழுதவே அங்கே ஒரு தனிப் பகுதி ஏற்பட்டது. இவ்வளவுதான் அந்த இயக்கத்தின் இலட்சியம். கேட்க எளியது, செய்ய அரியது.

ஒழுக்கத்தைத் திருத்துகிறேன் என்று வருபவர்களிடம் எனக்கு ஒரு வழக்கும் உண்டு. தேவ்பந்த் ஆலிம்கள் தர்காக்களில் நடக்கும் உரூஸ் முதலியவற்றைக் கண்டித்தார்கள். மார்க்கத்தில் இல்லாத புதுமை என்றார்கள். என் உம்மா நாகூர்க் கந்தூரிக்குப் போகிறவர். கொடியேற்றம் முதல் சந்தனம் பூசுவது வரை அங்கே இருந்தால்தான் அவருக்கு அந்த ஆண்டு ஆண்டாகும். ஒரு கிதாபைக் காட்டி அவரைத் திருத்த என்னால் ஆகாது, ஆசையும் இல்லை. இதில் ஒரு வேடிக்கை: தேவ்பந்தைத் தோற்றுவித்தோர் சூஃபி நெறியை விட்டவர்கள் அல்லர். ஹாஜி இம்தாதுல்லா என்ற பெரியாரிடம் கைபிடித்துச் சீடரானவர்கள். 1857க்குப் பின் மக்காவுக்குப் போய்ச் சேர்ந்த அந்தப் பெரியார், இத்தகைய ஏழு சச்சரவுகளைப் பற்றி ஒரு சிறு நூல் எழுதினார். இதற்காகச் சகோதரர்கள் சண்டையிட வேண்டாம் என்ற போக்கில் எழுதினார். சீடர்கள்தாம் கடுமை காட்டினார்கள். குருவைவிடச் சீடன் கடுமையாவது எல்லா மதத்திலும் உள்ளதுதானே!

தேவ்பந்த் பாடத்திட்டத்தில் ஆங்கிலம் இல்லை. புதிய விஞ்ஞானமும் இல்லை. இது ஒரு குறைதான். ஆனால் அதற்கு நானோத்தவி கொடுத்த காரணம் பலர் எண்ணுவது போன்றதன்று. புதிய கல்விக்குச் சர்க்கார் பள்ளிகள் ஏற்கெனவே இருக்கின்றன. கவனிப்பாரற்றுக் கிடப்பது பழைய கல்விதான். ஒரே நேரத்தில் இரண்டையும் திணித்தால் இரண்டும் வராது. இதை முடித்தபின் மாணவன் அங்கே போய்ப் படிக்கட்டும் என்றார். போனவர்கள் எத்தனை பேர்? மிகச் சிலர். வழி திறந்திருந்தது, வழியில் நடப்பவர் இல்லை. ஒன்பது ஆண்டு கழித்து, 1875இல், சர் சையது அகமது கான் அலிகாரில் தம் பள்ளியைத் தொடங்கினார். அங்கே ஆங்கிலமும் விஞ்ஞானமும், சர்க்காரோடு தோழமை. 1877இல் அந்தக் கல்லூரிக்கு அடிக்கல் நாட்டியவர் வைசிராய் லிட்டன் பிரபு. ஒரே அடிபட்ட ஒரே சமூகம் எழுதிய இரண்டு விடைகள் இவை. இருவருக்கும் கருத்து வேற்றுமை கடுமையாக இருந்தது. ஆயினும் 1880இல் நானோத்தவி காலமானபோது சர் சையது தம் பத்திரிகையில் உள்ளம் நெகிழ்ந்து அவரைப் புகழ்ந்து எழுதினார். மாற்றுக் கருத்தினர் இறந்தால் வாய்மூடி இருப்பதையே பெருந்தன்மை என்று கருதும் நம் காலத்தில், அந்த இரங்கலுரையை எண்ணிப் பார்க்க வேண்டும்.

மாதுளையடியில் முதல் மாணவராக அமர்ந்த மகமூது ஹசன் பின்னாளில் அங்கே தலைமையாசிரியரானார். ‘ஷைகுல் ஹிந்த்’ என்று நாடு அவரை அழைத்தது. முதல் உலகப் போரின்போது ஆங்கிலேயரை வெளியேற்ற அவர் திட்டமிட்டார். அவருடைய மாணவர் உபைதுல்லா சிந்தியைக் காபூலுக்கு அனுப்பினார். உபைதுல்லா சீக்கியக் குடும்பத்தில் பிறந்து இஸ்லாத்தைத் தழுவியவர். 1915 டிசம்பரில் காபூலில் இந்தியாவுக்கென ஒரு தற்காலிக அரசாங்கம் அமைந்தது. அதன் தலைவர் யார் தெரியுமா? அலிகாரில் படித்த ராஜா மகேந்திர பிரதாப் என்ற இந்து. பிரதமர் மௌலவி பர்கத்துல்லா. உள்நாட்டு அமைச்சர் நம் உபைதுல்லா. காபூலுக்கும் தேவ்பந்துக்கும் உறவு என்றால் எனக்கு இனி நினைவுக்கு வருவது இதுதான்! பட்டுத் துணியில் எழுதி அனுப்பிய கடிதங்கள் 1916இல் சர்க்கார் கையில் சிக்கின. ஹிஜாசிலிருந்த மகமூது ஹசன் பிடிபட்டு மால்ட்டாத் தீவில் சிறை வைக்கப்பட்டார். 1920இல் விடுதலையாகி நோயோடு பம்பாயில் வந்திறங்கினார்.

நான் மிகவும் மதிக்கும் காட்சி இதற்குப் பிறகு வருகிறது. 1920 அக்டோபர் 29ஆம் தேதி அலிகார்க் கல்லூரிப் பள்ளிவாசலில், சர்க்கார் உதவியை உதறி வந்த மாணவர்களுக்காக ஜாமியா மில்லியா தொடங்கப்பட்டது. அதைத் தொடங்கி வைத்தவர் தேவ்பந்தின் முதல் மாணவர். எழுந்து நின்று பேச உடம்பில் வலுவில்லை. அவர் உரையை வேறொருவர் படித்தார். தம் நெஞ்சின் வேதனையைப் பகிர்ந்துகொள்வோர் மதரசாக்களில் குறைந்தும் கல்லூரிகளில் மிகுந்தும் இருப்பதைக் கண்டதால் அலிகாரை நோக்கி ஓர் அடி எடுத்து வைத்தேன் என்று அதில் கூறியிருந்தார். அடுத்த மாதம் 30ஆம் தேதி அவர் மறைந்தார். ஐந்தாண்டு கழித்து டில்லிக்கு வந்த ஜாமியாவில் இன்று நம் சங்க நண்பர்கள் சிலர் படிக்கிறார்கள். தாங்கள் அமர்ந்திருப்பது தேவ்பந்தும் அலிகாரும் கைகோத்த இடம் என்று அவர்களுக்குத் தெரியுமோ என்னவோ.

மால்ட்டாவில் அவரோடு சிறையிருந்த சீடர் ஹுசைன் அகமது மதனி. 1927 முதல் 1957இல் இறக்கும் வரை தேவ்பந்தின் தலைமைப் பேராசிரியர். ஒரு நாட்டில் வாழும் பல மதத்தினரும் சேர்ந்து ஒரே தேசமாக இருக்கலாம். இஸ்லாம் அதைத் தடுக்கவில்லை என்று 1938இல் வாதாடினார். கவிஞர் இக்பால் அவரைக் கடிந்து கவிதை எழுதினார். பாக்கிஸ்தான் கோரிக்கையை எதிர்த்ததால் சொந்தச் சமூகத்தாரிடமே வசை வாங்கினார். அவருடைய சகாக்களில் ஷப்பீர் அகமது உஸ்மானி போன்றோர் 1945இல் பிரிந்து முஸ்லிம் லீகின் பக்கம் சென்றார்கள். மகமூது ஹசனின் உரையை அலிகாரில் படித்தவர் இந்த உஸ்மானிதான். மதனி அசையவில்லை. சுதந்தர இந்தியா 1954இல் அவருக்குப் பத்மபூஷண் அறிவித்தது. முன்னோர் வழிக்குப் பொருந்தாது என்று அவர் அதை ஏற்கவில்லை என அவரது வரலாற்றாசிரியர்கள் எழுதுகிறார்கள். அந்நிய அரசிடம் வாங்கவில்லை என்பது இருக்கட்டும். தாம் சிறை சென்று பெற்ற அரசிடமும் வாங்கவில்லை!

இதையெல்லாம் படித்தபின் ஊரைக் காண ஆவல் மிகுந்தது. டிசம்பர் விடுமுறையில் ஒரு நாள் சகாரன்பூர் வண்டி ஏறினேன். மீரட், முசாபர்நகர், அதற்குப் பின் தேவ்பந்த். டில்லியிலிருந்து ஏறத்தாழ 150 கிலோமீட்டர். இருபுறமும் கரும்பு. வெல்லம் காய்ச்சும் கொட்டகைகளின் புகை சன்னல் வழியே வந்து, நம் ஊர்ப் பொங்கலை நினைவூட்டியது. அறிமுகத்தின் பேரில் வாணியம்பாடிப் பக்கத்து மாணவர் ஒருவர் நிலையத்துக்கு வந்திருந்தார். என்னைவிட இரண்டு வயது இளையவர். பெரிய வெள்ளைப் பளிங்குப் பள்ளிவாசலைக் காட்டினார், நூலகத்தைக் காட்டினார், கடைசியில் சந்துக்குள் அழைத்துப் போய்ச் சத்தா மசூதியைக் காட்டினார். இவ்வளவு சிறியதா என்று நினைத்தேன்.

“இங்கே வருகிறவர்கள் எல்லாரும் தாலிபானைப் பற்றித்தான் கேட்கிறார்கள் அண்ணே. மாதுளை மரம் எங்கே இருந்தது என்று கேட்ட ஆள் நீங்கள்தான்” என்றார் அவர்.

“நானும் தாலிபானைக் கேட்கத்தான் வந்தேன் தம்பி” என்றேன். அவர் சிரித்துவிட்டார். பிறகு அவரே, “கேளுங்கள். கேட்காமல் போனால்தான் சந்தேகம்” என்றார்.

கேட்டதையும் படித்ததையும் சேர்த்துச் சொல்கிறேன். 1947இல் எல்லைக்கோடு விழுந்தபோது தேவ்பந்தில் பாடம் சொல்லிக்கொண்டிருந்த மௌலானா அப்துல் ஹக், பெஷாவருக்கு அருகே அகோரா கட்டக் என்ற தம் ஊரில் இருந்தார். திரும்பி வர வழியில்லை. அங்கேயே ஒரு மதரசா தொடங்கினார். பாட நூல்கள் தேவ்பந்த் நூல்களே; மரபும் அதே மரபு. ஆனால் காலம் வேறு. 1980 முதல் ஜியாவுல் ஹக்கின் இராணுவ அரசாங்கம் ஜகாத்தைச் சட்டப்படி வசூலித்து மதரசாக்களுக்குப் பங்கிட்டது. ஆப்கானிஸ்தானத்தில் சோவியத் படையோடு யுத்தம் நடந்துகொண்டிருந்தது. அமெரிக்கப் பணமும் சவூதிப் பணமும் ஆயுதமும் அந்த எல்லையில் ஆறாக ஓடின. அகதி முகாமில் வளர்ந்த, வீடு வாசல் இழந்த பிள்ளைகள் அந்த மதரசாக்களில் படித்தார்கள். 1994இல் எழுந்த தாலிபான் தலைவர்களில் பலர் அகோரா கட்டக்கில் படித்தவர்கள். 2016இல்கூட அந்த மாகாண அரசாங்கம் அந்த ஒரு மதரசாவுக்கு 30 கோடி பாக்கிஸ்தான் ரூபாய் ஒதுக்கியது.

நானோத்தவியின் விதியை இப்பொழுது மீண்டும் எண்ணிப் பாருங்கள். அரசாங்கத்தின் பங்கு தீங்கு தரும் என்றார் அவர். அரசாங்கத்தின் காசை வாங்கியவர்கள் முதலில் அரசாங்கத்தின் யுத்தத்துக்கு ஆள் கொடுத்தார்கள். பிறகு தாங்களே அரசாங்கமானார்கள். தன்னைத் தானே திருத்திக்கொள் என்று சொன்ன இயக்கத்தின் பெயரால், கசையை எடுத்துக்கொண்டு பிறரைத் திருத்தக் கிளம்பினார்கள். 1996இலும் 2021இலும் காபூலில் நுழைந்தவர்கள் தேவ்பந்தின் புத்தகத்தைப் படித்திருக்கலாம். அதன் விதியைப் படிக்கவில்லை என்பது என் துணிபு. அதே மாதுளையடியில் தோன்றிய தேவ்பந்த், 2008 பிப்ரவரி 25ஆம் தேதி பல பிரிவு ஆலிம்களையும் கூட்டிப் பயங்கரவாதம் இஸ்லாத்துக்கு விரோதம் என்று அறிவித்தது. சர்க்கார் மானியம் இன்றும் வாங்குவதில்லை.

இவ்வளவு எழுதிவிட்டு நான் ஒதுங்கிக்கொண்டால் அது வக்கீல் வேலையாகிவிடும். என் அறைத் தோழர் விடமாட்டார். கையெழுத்துப் பிரதியைப் படித்துவிட்டு, “சரி, உன் விதியை அவர்கள் மீறினார்கள். மீறியவனுக்கு ஏன் மாலை?” என்று கேட்டார். அது நியாயமான கேள்வி. விருந்தினரை வரவேற்பது வேறு. அவரிடம் கேட்க வேண்டியதைக் கேட்பது வேறு. ஆப்கானிஸ்தானத்தில் 2021இல் ஆறாம் வகுப்புக்கு மேல் பெண்கள் படிப்பது தடுக்கப்பட்டது. 2022 டிசம்பரில் பல்கலைக் கழகக் கதவும் அடைக்கப்பட்டது. தேவ்பந்தின் பெயரைச் சொல்லி ஆள்பவர்களிடம் அதைப் பற்றிக் கேட்கும் தகுதி உலகில் வேறு எவரையும்விடத் தேவ்பந்துக்குத்தான் உண்டு. எல்லாரும் கேட்க, ஊரறியக் கேட்டிருக்க வேண்டும்.

கேட்பதற்கு அவர்கள் புதிதாக எதையும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. தேவ்பந்தில் பயின்ற மௌலானா அஷ்ரஃப் அலி தானவி இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பெண்களுக்கென்றே ‘பஹிஷ்தி ஜேவர்’ என்ற பெரிய நூலை எழுதினார். ‘சுவர்க்க ஆபரணம்’ என்று பொருள். வடநாட்டில் மணப்பெண்ணுக்குச் சீதனத்தோடு சேர்த்துக் கொடுக்கும் வழக்கமே ஏற்பட்ட நூல் அது. அந்த நூல் எதில் தொடங்குகிறது? எழுத்துக்களில்! உருது அரிச்சுவடி, பிறகு கடிதம் எழுதும் முறை, அதற்குப் பிறகுதான் மார்க்கம். பெண்ணுக்குச் சட்டம் தெரிய வேண்டும், கணக்குத் தெரிய வேண்டும், ஆலிமுக்குத் தெரிவதெல்லாம் அவளுக்கும் தெரியலாம் என்ற எண்ணம் அதில் இருக்கிறது. தானவி பெண்களைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புவதை விரும்பவில்லை. வீட்டிலேயே கற்க வேண்டும் என்றார். அங்கே நான் அவரோடு மாறுபடுகிறேன். என் தங்கை இந்த ஆண்டு பிளஸ் டூ எழுதுகிறாள். அவள் டாக்டராக வேண்டும் என்பது உம்மாவின் நேர்த்திக்கடன். ஆனால் வீட்டில் கற்பிப்பதற்கும் கற்காதே என்பதற்கும் இடையே மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம் இருக்கிறது. தானவியின் முதல் பக்கமே காபூல் ஆணைக்கு எதிர்ச்சாட்சி. தேவ்பந்த் ஆண்களை மட்டுமே சேர்த்துக்கொள்ளும் நிறுவனமாக இருந்துகொண்டு அந்தப் பக்கத்தைப் பிறருக்குக் காட்டத் தயங்குகிறதோ என்று நான் ஐயுறுகிறேன்.

வாணியம்பாடித் தம்பியிடம் இதைச் சொன்னேன். அவர் உடனே ஒப்புக்கொள்ளவில்லை. “ஒரு நாட்டுச் சட்டத்தில் இங்கிருப்பவர்கள் தலையிட முடியுமா?” என்றார். சிறிது தூரம் பேசாமல் நடந்தோம். நிலையத்துக்கு வந்ததும், “தீர்ப்புக் கேட்டு யாரும் எழுதலாமே அண்ணே. நீங்கள் தமிழில் எழுதிக் கொடுங்கள், நான் உருதுவில் மாற்றித் தருகிறேன்” என்றார். வண்டி வர நாற்பது நிமிடம் இருந்தது. டீக்கடைப் பலகையில் உட்கார்ந்து எழுதினோம்.

கேள்வி இரண்டே வரி. ஒரு முஸ்லிம் அரசாங்கம் பன்னிரண்டு வயதுக்கு மேற்பட்ட பெண்ணைப் பள்ளிக்கும் கல்லூரிக்கும் போகவிடாமல் தடுப்பது மார்க்கத்தில் ஆகுமா? ஆகாது எனில், அதைச் சொல்ல வேண்டிய கடமை அறிந்தோருக்கு உண்டா? கேட்பவர் யார் என்று எழுத வேண்டிய இடத்தில் என் பெயரும் ஊரும் எழுதினேன். பதில் வர முகவரியெழுதித் தபால்தலை ஒட்டிய உறை ஒன்றும் வைத்தேன். ஊருக்குப் போனபோது எடுத்து வந்திருந்த பாட்டனாரின் பதினொரு ரூபாய் ரசீது சட்டைப் பையில் இருந்தது. அதன் எண்ணையும் கீழே குறித்தேன். எதற்கு என்று தம்பி கேட்டார். கொடுத்தவன் வீட்டுப் பிள்ளை கேட்கிறான் என்று தெரியட்டும் என்றேன்.

ஐந்து வாரம் ஆகிறது. பதில் வந்தால் அடுத்த இதழில் வெளியிட ஆசிரியர் இடம் தருவதாகச் சொல்லியிருக்கிறார்.